அம்மாவின் அமாவாசை லீவு

எங்கள் வீட்டில் அமாவாசைக்கு அமாவாசை அம்மாவுக்கு லீவு. மற்ற நாட்களில் விடிவதற்கு முன்பே எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, சோறு வடித்து, எனக்கும் தம்பிக்கும் தலை வாரிவிட்டு, அப்புறம் கழனிக்கும் ஓடுகிற அம்மா, அமாவாசையன்று மட்டும் தலைக்குக் குளித்துவிட்டுக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் சும்மா உட்கார்ந்திருப்பாள். முன்னோருக்குப் படைக்கிற சமையல் முழுவதையும் அத்தையே செய்வாள். அம்மா அடுப்படிப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தால் போதும், "நீ போய் உக்காரு, நான் பாத்துக்கறேன்" என்று வாசற்படியிலேயே நிறுத்திவிடுவாள். அத்தைக்குத்தான் எவ்வளவு நல்ல மனசு என்று எனக்குப் பெருமையாக இருக்கும். காரணம் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் லீவு விட்டால் ஏன் விட்டார்கள் என்றா கேட்கிறோம்?

அத்தை என்றால் நைனாவின் அக்கா. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். கல்யாணமாகி ஒரே வருஷத்தில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள், பெற்றவர்களும் போன பிறகு தம்பியையும் நாலு ஏக்கர் கழனியையும் ஒற்றை ஆளாகக் கட்டி மேய்த்தாள். நைனா தன் வாழ்க்கையில் அக்கா பேச்சை மீறியது இரண்டே தடவை. முதல் தடவை, பஸ்ஸில் பார்த்த தோணிரேவு ஊர்ப் பெண்ணை, அதுவும் ஏரியில் வலை வீசுகிற வீட்டுப் பெண்ணை, கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று கூட்டிக்கொண்டு வந்தது. இரண்டாவது தடவை நடந்ததைத்தான் சொல்லப் போகிறேன். அதில் எனக்கும் பெரிய பங்கு உண்டு. வீட்டில் யாரும் அதைச் சரியாகச் சொல்வதில்லை என்பதால் நானே சொல்லிவிடுவது நல்லது.

எங்கள் ஊர் திருப்பாலைவனத்துக்குக் கிழக்கே, நெல் விளைகிற நிலம் முடிந்து, கடலோடு சேர்ந்த உப்பு ஏரி தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. கடைசிக் கழனியின் கரையை உரசிக்கொண்டு ஓர் ஓடை போகும். மழைக்காலத்தில் அது ஏரிக்குத் தண்ணீர் கொண்டுபோகும். மற்ற மாதங்களில் அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏரித் தண்ணீர் ஏறி, உப்போடு அதே ஓடையில் திரும்பி வரும். கரை உயரமாக இருந்ததால் யாரும் அதைப் பற்றிக் கவலைப்பட்டதில்லை. மோட்டார் கொட்டகைக்குப் பக்கம் என்பதால் நாற்றங்காலை அந்தக் கடைசிக் கழனியில்தான் விடுவோம்.

விதை விடும்போது முதல் பிடியை வீட்டுப் பெண்பிள்ளை கையால் தூவ வேண்டும். வருஷா வருஷம் அத்தைதான் தூவுவாள். எனக்கு எட்டு வயதும் தம்பிக்கு ஐந்து வயதுமாக இருந்த அந்த ஆவணியில், விதை விடுகிற நாளில் அத்தைக்கு எழுந்திருக்க முடியாத காய்ச்சல். முளை கட்டிய விதை யாருக்காகவும் காத்திருக்காது. நைனா சாக்கை அவிழ்த்து அம்மாவைப் பார்த்தார். அம்மா கிழக்கே பார்த்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு முதல் பிடியைத் தூவினாள். அதற்கு முன் அவள் கையைப் புடவையில் அழுந்தத் துடைத்துக்கொண்டது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில் ஈரம் இருக்கிறதோ என்று நினைத்துக்கொண்டேன்.

நாற்று முதலில் கிளிப்பச்சையாகத்தான் வந்தது. பௌர்ணமி கழிந்து இரண்டாம் நாள் ஓடைக்கரை ஓரமாக ஒரு பாய் அகலத்துக்கு நுனி கருகி மஞ்சளானது. மறுநாள் இரண்டு பாய் அகலம். அந்த வருஷத்துக்கு எங்களிடம் இருந்த விதை நெல் அவ்வளவுதான். நாற்று போனால் நடவு இல்லை, நடவு போனால் வருஷச் சாப்பாடு கடையில்தான்.

அத்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. அவள் யாரையும் நேராக ஏசமாட்டாள். தொழுவத்துக்குப் போய் மாட்டிடம் பேசுவாள், வீடு முழுக்கக் கேட்கும்படி. "நான் ஒரே ஒரு நாளு படுத்தேன்டி, ஒரே ஒரு நாளு. சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டாங்க. மீன் கழுவுற கையில நெல்ல குடுத்தா நெல்லு இன்னா பண்ணும்? அதுக்குத் தெரியாதா எது யாரு கைன்னு?" மாடு பாவம், தலையை ஆட்டும். அத்தை என்னோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை என்று எனக்கு அந்த மாட்டின்மேல் பொறாமையாக இருக்கும்.

அம்மா கழனிக்குப் போய், மஞ்சள் பட்ட இடத்துத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து நைனாவிடம் சொன்னாள்: "உப்பு கரிக்குதுங்க. கரையில நண்டு வளை போட்டுகீது. ஓடைத் தண்ணி உள்ள வருது."

தொழுவத்திலிருந்து உடனே பதில் வந்தது. "ஏரியாண்ட பொறந்தவங்களுக்குப் பச்சத் தண்ணியும் உப்பாதாண்டி இருக்கும்."

நைனா இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மனிதர். அம்மா சொன்னதற்காகக் கரையின் உள்பக்கம் தேடி, கண்ணில் பட்ட நாலைந்து வளைகளைச் சேற்றால் அடைத்தார். மறுநாள் ஏறின தண்ணீர் அந்தச் சேற்றைப் பிதுக்கி வெளியே தள்ளிவிட்டது. அத்தை சொன்னதற்காக ஒரு பூசணிக்காயைத் திருஷ்டி சுற்றி உடைத்தார். உரக்கடைக்காரர் சொன்னதற்காக யூரியாவும் போட்டார். நாற்று ஒருவர் பேச்சையும் கேட்கவில்லை.

"உள்பக்கமா அடைச்சா நிக்காதுங்க" என்றாள் அம்மா. "தோணி ஒழுகுனா வெளியருந்துதான் அடைப்பாங்க. அப்பதான் தண்ணியே அமுக்கிப் புடிச்சுக்கும். ஓடைப் பக்கம் வாய் எங்க கீதுன்னு கண்டுபுடிக்கணும். கோரைக்குள்ள இப்ப தெரியாது. அமாவாசைக்குத் தண்ணி ஏறும்போது தானா தெரியும். அன்னைக்கும் வுட்டுட்டோம்னா மிச்சமும் போயிடும்."

"அமாவாசையன்னைக்கு நான் படையல்ல உக்காரணுமே" என்றார் நைனா.

"நீங்க உக்காருங்க. எனக்குத்தான் வேல இல்லியே" என்றாள் அம்மா. அதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள். லீவு நாளில்கூட வேலை செய்ய ஆசைப்படுகிறாளே என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. அத்தை அடுப்படியில் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, அம்மா ஒரு கூடையில் நெல் தூற்றிய பதரை நிரப்பித் தம்பி தலையில் வைத்தாள். தேங்காய் நாரும் ஒரு பழைய சாக்கும் என் கையில். தோளில் மண்வெட்டியோடு அம்மா முன்னால் நடந்தாள். அவள் இவ்வளவு வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை.

ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். திட்டம் இதுதான்: தம்பி கரைமேல் நின்று பதரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடையில் தூவ வேண்டும். பதர் எங்கே சுழன்று உள்ளே இழுபடுகிறதோ அங்கே வளையின் வாய். நான் உள்பக்கம் நின்று நாற்றங்காலில் பதர் எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

தம்பி நாலு பிடி தூவினான். ஐந்தாவது பிடிக்கு அவனுக்குக் கை வலித்தது. கூடையோடு கவிழ்த்துவிட்டுப் பிஸ்கட் கேட்டான். அம்மா கையை ஓங்கிவிட்டாள். ஓங்கின கை அப்படியே நின்றது. கூடைப் பதர் முழுவதும் ஓடைமேல் பாய் விரித்த மாதிரி மிதந்து, ஓர் இடத்தில் மட்டும் மெல்லச் சுற்றத் தொடங்கியது. சுற்றிச் சுற்றி நடுவில் குழிந்து கீழே போனது. கொஞ்ச நேரத்தில் என் காலடியில், மஞ்சள் நாற்றுக்கு நடுவே, பதர் ஒவ்வொன்றாகக் கொப்பளித்து வந்தது. "அம்மா, இங்க வருது! இங்க வருது!" என்று நான் போட்ட சத்தத்தில் ஓடையில் நின்ற கொக்குகள் எல்லாம் பறந்துவிட்டன.

அந்தச் சந்தோஷத்தில்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். கரைமேல் ஏறி அந்தப் பக்கம் குதித்து, அம்மா வேண்டாம் என்பதற்குள் சுழிக்குள் கையை விட்டேன். வீட்டுக்காரர் உள்ளேதான் இருந்தார். என் நடுவிரலைப் பிடித்துக்கொண்டார். உயிர் போகிற வலி. நான் கையை உதற உதற நண்டு இறுக்கியது.

"உதறாத! தண்ணிக்குள்ளயே வெச்சுனு அசையாம இரு. அதுவா வுட்டுடும்" என்றாள் அம்மா. கப்பலே கவிழ்ந்தாலும் அப்படித்தான் சொல்வாள் போல, அவ்வளவு நிதானம். பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன். எண்ணி ஐந்து மூச்சில் விட்டுவிட்டது. விட்ட கையோடு அம்மா அதைப் பின்பக்கமாக அமுக்கிப் பிடித்துக் கரைமேல் எறிந்தாள். என் உள்ளங்கையைவிடப் பெரிய சேற்று நண்டு. தம்பி பிஸ்கட்டை மறந்தான்.

அம்மா சாக்கில் நாரையும் களிமண்ணையும் வைத்துச் சுருட்டி வாயில் திணித்தாள். வளை அவள் நினைத்ததைவிட அகலம். ஒரு கையால் அடைப்பை அழுத்திக்கொண்டு இன்னொரு கையால் மண் வெட்ட முடியாது. "ஓடு, நைனாவ இட்டுனு வா!" என்றாள்.

விரலில் ரத்தம் சொட்ட வீட்டுக்குள் ஓடினேன். படையல் முடிந்து, சுவர்மேல் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டு நைனாவும் அத்தையும் கொல்லையில் நின்று கா, கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு காக்கையும் வரவில்லை. "நைனா, ஓட்ட கெடச்சிடுச்சு! அம்மா தண்ணியில நின்னுனு புடிச்சுனு கீது!" என்றேன்.

"காக்கா இன்னும் வாய் வெக்கல. பெரியவங்க பட்டினியா நிக்கறாங்க. நகராத" என்றாள் அத்தை.

நைனா சுவரைப் பார்த்தார். என் விரலைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். அத்தை திட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். நான் இரண்டு பேருக்கும் முன்னால், படைக்குத் தலைமை தாங்குகிறவள் மாதிரி விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

நைனா ஓடையில் இறங்கினார். அத்தை கரைமேல் நின்று, திட்டுவதை நிறுத்திவிட்டு உள்பக்கம் பார்த்தாள். மஞ்சள் நாற்று நடுவே இன்னும் ஒன்றிரண்டு பதர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. குனிந்து அந்தத் தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் சுளித்தது. படையலுக்காகக் கட்டியிருந்த மடிப் புடவையோடு கரையில் உட்கார்ந்து, களிமண்ணைக் கையால் பெயர்த்து உருட்டி அம்மாவிடம் நீட்டினாள். பத்துப் பதினைந்து உருண்டைகள் நீட்டியிருப்பாள்.

"இன்னும் வேணுமா?" என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு குடுங்க அண்ணி" என்றாள் அம்மா.

உள்ளே கொப்பளிப்பது நின்றது. தம்பி கைதட்டினான். நாங்கள் எல்லோரும் சேறும் சகதியுமாகக் கரையில் நின்று நண்டைப் பார்த்தோம். அமாவாசை என்பதால் அதற்கு ஒரு நாள் ஆயுள் கூடியது. மறுநாள் குழம்பில் அதன் பெரிய கொடுக்கு எனக்குத்தான் வந்தது, நியாயப்படி.

அன்று மாலை அத்தை தொழுவத்துக்குப் போனாள். நான் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். மாட்டுக்கு வைக்கோல் போட்டாள், தண்ணீர் காட்டினாள், ஒரு வார்த்தையும் பேசாமல் திரும்பி வந்தாள்.

மோட்டார் போட்டு நல்ல தண்ணீரைக் கட்டி மூன்று தடவை வடித்தோம். முதலில் கருகின ஒரு பாய் அகலம் போனது போனதுதான்; மிச்ச நாற்று நிமிர்ந்துகொண்டது. எங்கள் நாலு ஏக்கருக்கும் நட்டு, பக்கத்துக் கழனிக்காரருக்கு இரண்டு கட்டும் கொடுத்தோம். அடுத்த பௌர்ணமிக்கு ஊரில் பாதிப் பேர் பதர்க் கூடையோடு ஓடைக்கரையில் நடந்தார்கள். நான் விரல் தழும்பைக் காட்டிக்கொண்டு அவர்களோடு நடந்தேன். அப்படி ஒரு கௌரவம் அதற்கப்புறம் படித்துப் பட்டம் வாங்கியபோதும் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் அந்த வெற்றியில் ஓர் அநியாயமும் நடந்தது. அடுத்து வந்தது புரட்டாசியில் பெரிய அமாவாசை. லீவு நாளாயிற்றே, எங்களைத் தோணிரேவுக்குக் கூட்டிப்போவதாக அம்மா சொல்லியிருந்தாள். நானும் தம்பியும் புதுத் துணி போட்டுக்கொண்டு முருங்கை மரத்தடியில் அவளோடு உட்கார்ந்திருந்தோம். அத்தை அடுப்படியிலிருந்து வந்தாள். மாட்டைப் பார்க்கவில்லை, நேராக அம்மாவைப் பார்த்தாள்.

"இன்னாம்மே, இங்க உக்காந்துனு கீற? உளுந்து ஊறிப் போச்சு. வந்து அரைச்சு வட தட்டு. கொழம்பையும் நீயே கூட்டிடு. காக்காக்கு வெக்கிறதும் இனிமே உன் கையாலயே இருக்கட்டும்."

அம்மா, டீச்சர் பேர் கூப்பிட்ட பிள்ளை மாதிரி சட்டென்று எழுந்தாள். கையை ஒரு தடவை கழுவினாள். திரும்பவும் கழுவினாள். எனக்கு ஆத்திரம் பொங்கிவிட்டது. நாற்றைக் காப்பாற்றியது யார்? அதற்குக் கிடைக்கிற கூலி இதுவா? ஓடிப்போய் அடுப்படி வாசலில் கையை விரித்துக்கொண்டு நின்றேன். "அத்த, இன்னைக்கு அமாவாச! அம்மாவுக்கு லீவு! நீங்கதான எப்பவும் லீவு வுடுவீங்க?"

அத்தை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இனிமே உங்கம்மாவுக்கு லீவு கெடையாது, போ" என்று சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா என்னைத் தாண்டி உள்ளே போய், கிரைண்டரில் உளுந்தை அள்ளிப் போட்டாள். அது சுற்றத் தொடங்கியதும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். லீவு போன துக்கம் தாங்காமல்தான் அழுகிறாள் என்று எனக்கு நன்றாகத் தெரிந்துவிட்டது. நானும் கூட நின்று அழுதேன். அன்று நைனா ஒரு தடவை கூப்பிட்டதுமே காக்கை வந்து அம்மா வைத்த சோற்றைக் கொத்தியது. நான் வடையைத் தொடவில்லை. மூன்று நாள் அத்தையோடு பேசவும் இல்லை.