கடையில் கிடைக்கிற கார்டு

வாய் நிறைய அண்ணா அண்ணா என்று கூப்பிட்டுக்கொண்டே என் வீட்டுக்காரர் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டவர் என் கொழுந்தன். பூசி மெழுகிச் சொல்ல எனக்கு வராது.

வீட்டுக்காரர் ஒரு சிறிய கம்பெனியில், கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற நெட்வொர்க் கார்டு வடிவமைத்தார். இணையத்தில் எதுவும் துண்டு துண்டாகத்தான் போகும். நொடிக்குக் கோடிக்கணக்கில் பாயும் அந்தத் துண்டுகளில் ஒன்றைக்கூட நழுவவிடாமல் பிடிக்கிற கார்டு அது. திருட்டுத்தனமாக உள்ளே நுழைபவன் நழுவிய அந்த ஒன்றில்கூட ஒளிந்திருக்கலாம் என்பார். எங்கள் கல்யாண நாளன்றுகூட மனுஷன் அதன் சூட்டைத்தான் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கொழுந்தன் பெரிய இணைய நிறுவனமொன்றில் சோதனைப் பிரிவுக்குத் தலைவர். அங்கிருந்து ஆர்டர் வந்தால்தான் இவருடைய கம்பெனி பிழைக்கும். சோதனையில் இவர் கார்டு ஒன்றையும் விடவில்லை. கடையில் வாங்கிய சாதாரண கார்டு, நெரிசல் கூடியதும் கோட்டைவிட்டது. அப்படியும் கடைக் கார்டைத்தான் எடுத்தார்கள்.

"ஏன் தம்பி?" என்று நானே கேட்டேன்.

"விதி அப்படி அண்ணி. கடையில ரெடியா கிடைக்கிற சாமான்தான் வாங்கணும். கெட்டுப்போனா யார் வேணாலும் போய் இன்னொண்ணு வாங்கிட்டு வரலாம் பாருங்க. அண்ணன் கார்டை எந்தக் கடையில போய்க் கேக்கறது?"

"கடைக் கார்டு பாதியை விட்டுட்டா பரவாயில்லையா?"

"பாதி எங்க அண்ணி, கொஞ்சம்தானே விடுது." என் வீட்டுச் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டேதான் இதைச் சொன்னார்.

கம்பெனியை மூடினார்கள். மீதிச் சரக்கை யாரோ வியாபாரிகள் மொத்தமாக அள்ளிக்கொண்டு போனார்கள். வீட்டுக்காரர் இப்போது ஒரு லிஃப்ட் கம்பெனியில் பழுதான போர்டுகளைக் கழற்றி மாட்டுகிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் வந்தார். கையில் ஒரு பெட்டி, முகமெல்லாம் பல். பிரித்துக் காட்டினார். இவருடைய கார்டேதான்.

"கம்ப்யூட்டர் கடையில அடுக்கி வெச்சிருக்கான் அண்ணா! இப்ப விதிக்குள்ள வந்துடுச்சு. ஆபீஸ்ல உடனே சரின்னுட்டாங்க. எப்படி ஓட்டறதுன்னு மட்டும் நீங்க சொல்லிக் குடுங்க."

ஓங்கி ஒன்று விட்டிருப்பேன். வீட்டுக்காரர் என் பக்கம் திரும்பவே இல்லை. கார்டை வாங்கித் தூசியை ஊதினார். விசிறி எந்தப் பக்கம் வர வேண்டும், எந்த ஸ்க்ரூவை ரொம்ப இறுக்கக் கூடாது என்றெல்லாம் பொறுமையாகச் சொன்னார். பிறகு பெட்டிக்குள் வைத்து மூடிக் கொடுத்தார்.

"பில்லு இருக்கா?"

"இருக்கு அண்ணா."

"பத்திரமா வெச்சுக்க. அது தொலைஞ்சா இது மறுபடியும் என் கார்டாயிடும்."