சரிபாதி பிரித்த குளிசைகள்

1. முதல் நாள்

ரொறன்ரோவில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டொக்டரோடு வாய் காட்டினேன். எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் படித்து, இங்கிலாந்தில் ஐந்து வருடம் வார்டில் நின்று, அதன்பிறகு கனடா வந்த நேர்ஸ் நான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஈரல் கிளினிக்கில் 'ட்ரயல் நேர்ஸ்' என்று வேலை தந்தார்கள். நாள்பட்ட ஈரல் அழற்சிக்குப் புது மருந்து ஒன்று வந்திருந்தது. அதை நோயாளிகளிடம் கொடுத்துச் சோதிப்பதுதான் ட்ரயல்.

டொக்டர் மக்ரே அலுமாரியைத் திறந்து காட்டினார். உள்ளே நம்பர் ஒட்டிய போத்தல்கள். பாதிப் போத்தல்களில் புது மருந்து, மீதியில் பிளாசிபோ, அதாவது வெறும் பால்சீனி அடைத்த குளிசை. பார்த்தாலும் மணந்தாலும் வித்தியாசம் தெரியாது. எந்த நம்பரில் எது என்ற விவரம் பார்மசியில் சீல் வைத்த உறைகளுக்குள் கிடந்தது.

"சுகமில்லாத மனிசருக்குச் சீனியைக் குடுத்து ஏமாத்தச் சொல்லுறீங்களோ?" என்று கேட்டேன்.

"ஏமாத்தேல்லை. மருந்தாவும் இருக்கலாம், சும்மா குளிசையாவும் இருக்கலாம் எண்டு முதலே சொல்லுவம். சம்மதிச்சு ஒப்பம் வைச்சால்தான் சேர்ப்பம். இப்பிடிச் செய்யாட்டில் மருந்து வேலை செய்யுதோ எண்டு எங்களுக்கு ஒருநாளும் தெரியவராது."

அவர் பேசியது ஸ்கொட்லாந்து இங்கிலீஷ். எனக்கு எங்கள் ஊர்த் தமிழில்தான் ஞாபகம் நிற்கிறது, அப்படியே எழுதுகிறேன்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை நோயாளிகள் வருவார்கள். நான் பழைய போத்தலை வாங்கி மிச்சக் குளிசைகளை எண்ணுவேன், இரத்தம் எடுப்பேன், ஒரு ஃபோர்மை நிரப்புவேன், புதுப் போத்தல் கொடுப்பேன். ஃபோர்மில் ஒரு கேள்வி: 'வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா?' இல்லை என்றால் ஒரு சரி அடையாளம். எனக்கு அந்த வேலை இரண்டு மாதத்தில் தண்ணீர் பட்ட பாடாகிவிட்டது.

2. செவ்வாய்க்கிழமைக்காரர்கள்

செவ்வாய் காலை எட்டரைக்கு இரண்டு பேர். ஒருவர் சிவபாதம் அண்ணை. யாழ்ப்பாணத்து ஆள், மிசிசாகாவில் ஒரு கொம்பனியில் படம் வரைகிற வேலை, வெக்ஸ்போர்ட்டில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருந்தார். மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஸ்பொன்சர் பண்ணியிருந்தார், ஓகஸ்டில் வருவதாக இருந்தது. அந்தக் காலத்தில் ரொறன்ரோவில் தமிழ்க் குரல் கேட்பதே அருமை. என்னைக் கண்ட முதல் நாளே "தங்கச்சி எந்த ஊர்?" என்று ஆரம்பித்துவிட்டார்.

மற்றவர் மிஸ்டர் லாவ். சைனா ரவுணில் ஒரு சாப்பாட்டுக் கடையில் சமையற்காரர். நாலு சொல்லில் இங்கிலீஷ் பேசுவார், அந்த நாலும் சரியாக இருக்கும்.

இருவருக்கும் ஒரே ஈரல் வருத்தம், உட்கார ஒரே வாங்கு, ஒரே காத்திருப்பு. மூன்றாவது தடவைக்குள் சினேகிதராகிவிட்டார்கள். லாவ் ஒரு ஃபிளாஸ்க் கொண்டுவருவார், இருவரும் மூடியில் ஊற்றி மாறி மாறிக் குடிப்பார்கள். "என்ன அது?" என்று ஒருநாள் கேட்டேன். "சூப்," என்றார் லாவ். மரப்பட்டையும் வேரும் அவித்த மணம். எனக்கு அன்று சரியான தடிமன், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, எனக்கும் ஊற்றித் தந்தார். எங்கள் ஊரில் சுக்கு அவித்துக் குடிக்கிற வேர்க்கொம்புக் குடிநீர் மாதிரிச் சுள்ளென்று இறங்கியது. நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டு, அவர்களுடைய ஃபோர்மில் வேறு மருந்து இல்லை என்று சரி போட்டேன்.

இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டவேண்டும் போல இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் குடிநீர் அவித்துக் குடித்ததை யார் டொக்டருக்குச் சொன்னோம்? அது சாப்பாட்டோடு சேர்ந்த சங்கதி. லாவுக்கும் அப்படியே, அண்ணைக்கும் அப்படியே. அது ஃபோர்மில் எழுதுகிற மருந்து என்ற யோசனை மூன்று பேருக்குமே வரவில்லை.

3. ஏறிய நம்பர்

ஜூன் மாதம் சிவபாதம் அண்ணை கண் இரண்டும் மஞ்சளாக வந்து நின்றார். ஈரல் ரெஸ்ற் நம்பர்கள் எக்கச்சக்கமாக ஏறியிருந்தன. டொக்டர் உடனே வார்டில் சேர்த்துக் குளிசையை நிறுத்தினார். நிறுத்தினால் இறங்கும் என்று பார்த்தோம். ஐந்து நாளாகியும் ஏறிக்கொண்டே போனது. லாவின் நம்பர்களில் ஒரு மாற்றமும் இல்லை.

"புது மருந்து ஈரலைப் பழுதாக்குது போலை," என்றார் டொக்டர். "வெள்ளிக்கிழமை ட்ரயலை முழுக்க நிப்பாட்டப் போறன்."

நம்பர் இறங்கி, முகத்தில் இரத்தம் ஊறி, வேலைக்குத் திரும்பிய ஆட்கள் என் லிஸ்டில் இருந்தார்கள். அவர்களுடைய போத்தல்களையும் பறிக்கவேண்டிவரும். அதைவிட எனக்குப் பயம் அண்ணையை நினைத்துத்தான். காரணம் தெரியாமல் ஈரல் இப்படிப் போனால் ஓகஸ்ட் வரைக்கும் மனிதர் தாங்கமாட்டார். கேட்டால், "எல்லாம் சரி வரும் தங்கச்சி, அவ வாறதுக்குள்ளை எழும்பிடுவன்," என்று எனக்கே ஆறுதல் சொன்னார்.

வியாழன் பின்னேரம், நோயாளிகளைப் பார்க்க வரும் நேரம், வார்டுக்குள் போனேன். லாவ் கட்டில் பக்கத்தில் இருந்து ஃபிளாஸ்க்கைத் திறந்து அண்ணைக்கு ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அந்த மணம் மூக்கில் அடித்தது. குளிசைதானே நின்றது, இது நிற்கவில்லையே!

"அண்ணை, உந்தச் சூப்பை ஒவ்வொரு நாளும் குடிக்கிறீங்களோ?"

"ஓம். லாவ் பாவம், கடை வேலையை விட்டிட்டுக் கொண்டுவாறான். ஈரலுக்கு நல்லதாம். அவன்ரை சனங்கள் தலைமுறை தலைமுறையாக் குடிக்கிற சாமான்."

"ஈரலுக்கெண்டே குடிக்கிறீங்கள்? அப்ப ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்களும் குடிச்சனீங்கள்தானே?"

அவர் அதோடு விடவில்லை, எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிடுகிற மனநிலையில் இருந்தார்.

"இன்னொண்டும் சொல்லோணும். கோவிக்கக் கூடாது. போத்தல் வாங்கின கையோடை நாங்கள் கீழை கன்ரீனுக்குப் போவம். ரெண்டு போத்தலையும் ஒரு கடதாசியிலை கொட்டிக் கலந்து, உனக்கொண்டு எனக்கொண்டு எண்டு பிரிப்பம். ஒருத்தருக்கு மருந்தும் மற்றவருக்குச் சீனியும் எண்டால், இப்பிடிச் செய்தால் ரெண்டு பேருக்கும் பாதியாவது போய்ச் சேரும்."

"உங்களுக்கென்ன விசரே அண்ணை?" வார்டு என்றும் பாராமல் கத்திவிட்டேன். "நான் குந்தியிருந்து ஒவ்வொரு குளிசையா எண்ணினது என்ன கோதாரிக்கு?"

"எண்ணிக்கை ஒருநாளும் பிழைக்கேல்லைத்தானே," என்றார், அதில் ஒரு பெருமை வேறு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "பக்கத்திலை பக்கத்திலை இருந்து விழுங்குறம் தங்கச்சி. அவன் போய் நான் தப்பினால் எனக்கு அது நல்லாயிருக்குமே? அவனும் குடிநீரைத் தனியக் குடிக்கமாட்டன் எண்டு எனக்கும் பிரிச்சுத் தந்தவன். டொக்டருக்குச் சொல்லாதேங்கோ. ரெண்டு பேரையும் வெளியிலை போட்டிடுவினம்."

லாவ் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஃபிளாஸ்க்கை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

4. இரண்டு உறைகள்

நடைபாதையில் நின்றபோது எனக்கு முதலில் வந்த யோசனை அண்ணையின் ஈரல் இல்லை, என்னுடைய வேலை. மூக்குக்கு முன்னால் நடந்ததை எழுதாமல் விட்டவள், போதாக்குறைக்கு அதையே வாங்கிக் குடித்தவள். ஊற்றிக் கழுவிவிட்டு, இனிக் குடிக்கவேண்டாம் என்று அண்ணையிடம் சொல்லிவிட்டால் கதை முடிந்தது. கையலம்பும் தொட்டி வரைக்கும் போனேன். வெட்கம்தான், ஆனாலும் இதை இங்கே மறைக்க விருப்பமில்லை. அண்ணைக்கு வைத்தியம் பார்க்கிற டொக்டருக்கு அவர் உடம்புக்குள் என்ன போனது என்று தெரியவேண்டும் என்பது அந்தத் தொட்டியடியில்தான் எனக்கு உறைத்தது. நேராக டொக்டரின் அறைக்குப் போனேன்.

ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் ஃபிளாஸ்க்கை மணந்து பார்த்தார்.

"நீயும் குடிச்சனியோ?"

"ஓம். ஒரு கப்."

"அப்ப நாளைக்கு உன்ரை இரத்தமும் எடுக்கோணும்."

திட்டுவார் என்று பார்த்தேன், அவ்வளவுதான் சொன்னார். பார்மசிக்கு ஃபோன் பண்ணி அந்த இரண்டு நம்பர்களின் உறைகளையும் எடுப்பித்து, என் முன்னாலேயே கிழித்தார். முதலாவது பிளாசிபோ. இரண்டாவதும் பிளாசிபோ.

புது மருந்து அண்ணையின் வாய்க்குள் ஒரு துளிகூடப் போகவில்லை. ட்ரயலை நிறுத்தத் தேவையில்லை. அந்த இரண்டு மனிதர்களும் மாதக்கணக்காக வெறும் சீனியைக் கன்ரீன் மேசையில் கொட்டி, ஒன்று கூடாமல் குறையாமல் பங்கு பிரித்திருக்கிறார்கள். டொக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணையும் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "அப்ப லாவின்ரை குடிநீர்தானோ?"

"அப்பிடித்தான் நினைக்கிறம். நிச்சயமாச் சொல்லேலாது."

"அவனுக்குச் சொல்லாதேங்கோ தங்கச்சி. மனிசன் உடைஞ்சு போயிடுவான்."

சொல்லாமல் விட வழியில்லை, லாவும் அதையேதானே குடித்துக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அவரை நானே கூட்டிப்போய் இருத்திச் சொன்னேன். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

"அவர் செத்துப் போவாரா?"

"இல்லை. இன்று காலை நம்பர் இறங்கத் தொடங்கிவிட்டது."

"நானும் அதுதான் குடிக்கிறேன். எனக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை?"

"தெரியாது," என்றேன். அந்தச் சொல்லை ஒரு நோயாளியின் முகத்துக்கு நேரே அதற்குமுன் நான் சொன்னதில்லை.

தொப்பியைப் போட்டுக்கொண்டு எழுந்து போனார். இனி வரமாட்டார் என்று நினைத்தேன். திங்கட்கிழமை ஒரு கடதாசிப் பையோடு வந்தார். ஒவ்வொரு பட்டையையும் வேரையும் தனித்தனியாகச் சுற்றி, பெயரும் எழுதியிருந்தார். "குளிசையைச் சோதிக்கிறீர்கள். இதையும் சோதியுங்கள்," என்றார். டொக்டர் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. லாபுக்கு அனுப்பினார். ஒரு வேர் எலிகளின் ஈரலுக்கே ஒத்துவரவில்லை என்று பல மாதம் கழித்துத் தெரிந்தது. மற்றவற்றைப் பற்றி நல்லதென்றோ கெட்டதென்றோ சொல்ல இன்னும் வருடங்கள் எடுத்தன. அந்த வேலையிலும் நான்தான் நேர்ஸ்.

அதன்பிறகு நான் யாரிடமும் 'வேறு மருந்து எடுக்கிறீர்களா' என்று மட்டும் கேட்டு நிறுத்தியதில்லை. காலையில் எழும்பியதிலிருந்து வாயில் என்ன வைத்தீர்கள், யார் தந்தது, யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்பேன். கேட்கும்போது கத்தமாட்டேன். இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொல்கிறேன். நோயாளி ஒளிப்பதெல்லாம் கள்ளம் இல்லை. சிலவேளை அது பக்கத்தில் இருக்கிறவன்மீது வைத்த அன்பு, அதுவும் ஈரலைப் பழுதாக்கும்.

ஓகஸ்டில் அண்ணையின் குடும்பம் வந்து இறங்கியது. விமான நிலையத்துக்கு என்னையும் லாவையும் வரச்சொல்லியிருந்தார். கண்ணில் மஞ்சள் இல்லை, உடம்பு மட்டும் பாதியாகியிருந்தது. பிள்ளைகள் இரண்டும் ஓடிவந்து கட்டிக்கொண்டன. லாவ் நாலு எட்டுத் தள்ளிச் சுவரோரமாக நின்றார். அண்ணை அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து மனைவிக்கு முன்னால் நிறுத்தினார்.

"இவர்தான் லாவ். தன்ரை மருந்திலை பாதியை எனக்குத் தந்தவர்."

அந்த அம்மா கும்பிட்டார். லாவ் என்னைப் பார்த்து, "என்ன சொன்னார்?" என்று கேட்டார். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் மொழிபெயர்த்துச் சொன்னேன். இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.