ஆள் குறைக்கும் நாள்

எங்கள் ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டு பேஸ்மென்டில் ஒரு கோடை முழுக்க ஓர் இளைஞன் வாடகைக்கு இருந்தான். அமெரிக்கன் ஃபுட்பாலில் லைன்பேக்கர். பந்தோடு ஓடி வருகிறவனை மோதிச் சாய்ப்பதுதான் வேலை. பெரிய அணியில் முதல் வருடம். கழுத்தும் தலையும் ஒரே அகலம். தோசையைச் சுருட்டி, சட்னி தொடாமல் கடிப்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அணியில் ஆள் குறைக்கும் நாள் வந்தது. வேண்டாதவனுக்கு மாலை நாலு மணிக்குள் ஃபோன் வரும். வராதவனுக்கு இடம் உறுதி. என்ன கேடுகெட்ட வழக்கமோ!

அது தெரிந்தும், கீழே இறங்கச் சோம்பல்பட்டு, மூன்றரைக்கு நான் அவனுக்கு ஃபோன் போட்டேன். "மேல வாப்பா, தோசை ஆறுது."

உதடு வெளுத்துப்போய் வந்தான். "அங்கிள், நீங்கதானா?" என்று நாற்காலியில் சாய்ந்தான்.

"இன்னைக்குன்னு பார்த்தா ஃபோன் பண்ணுவீங்க? அறிவிருக்கா?" என்று மனைவி என்னைத் தமிழில் கிழித்தாள். தமிழ் தெரியாவிட்டாலும் அவனுக்குப் புரிந்தது, சிரித்தான்.

நாலு அடித்தது. அதற்கு மேலும் ஐந்து நிமிடம் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவனே டெக்ஸஸில் இருந்த தாயைக் கூப்பிட்டு, "அம்மா, என்னை யாருமே கூப்பிடலை" என்றான்.

அந்த அம்மாள் போட்ட கூச்சல் சமையலறை முழுக்கக் கேட்டது. ஒருவரும் கூப்பிடாததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனிதர்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.