ரொக்கத்துக்குப் போன சேவல்

பாளையங்கோட்டையில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்து அலுவலகத்தில் எழுத்தராக இருக்கும் அப்பாத்துரை, கார் ஓட்டும்போது நான்கு கண்ணாடிகளையும் முழுக்க ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவார். காரில் ஏசி ஓடுகிறது என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டும். ஏசி ஓடாது. மூன்று பேர் கைமாறி அவரிடம் வந்த கார் அது. வாங்கின அன்றைக்கே ஏசி ஓடவில்லை. சமாதானபுரம் சிக்னலில் நிற்கும்போது சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் அவர் மனைவி கிரேஸ் பாட்டுப் புத்தகத்தை விசிறியாக்கிக்கொண்டிருப்பாள்.

“ஏங்க, ஒரு விரக்கடையாவது இறக்குங்களேன். மூச்சு முட்டுது.”

“பேசாம வா. ஆளு பாக்காவ.”

இவ்வளவு பாடும் யாருக்காக என்றால், கிங்ஸ்டனுக்காக. கிங்ஸ்டன் அவருக்குச் சகலை. கிரேஸின் தங்கை பிரிஸில்லாவைக் கட்டியவர், திசையன்விளையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். அவர் வருகிறவரைக்கும் அந்த வீட்டுக்கு ஒற்றை மருமகன் அப்பாத்துரைதான். மாமியார் வீட்டு வாசலில் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் கோழியைப் பிடிக்க ஆள் ஓடும். குழம்பு வந்தால் ஈரல் அவர் தட்டில்தான் விழும். பிரிஸில்லாவின் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் அந்த ஈரல், அவர் கண் முன்னாலேயே, அவர் தட்டைத் தாண்டிப் போய் கிங்ஸ்டன் தட்டில் விழுந்தது. இருபது வருஷம் ஆகிவிட்டது. அப்பாத்துரைக்கு இன்னும் அது செரிக்கவில்லை.

சில பேருடைய பொறாமை மூலையில் உட்கார்ந்து புகைந்துகொண்டிருக்கும், யாருக்கும் செலவு வைக்காது. இவருடையது செலவாளிப் பொறாமை. கிங்ஸ்டன் வீட்டுக்கு கிரானைட் தரை போட்டபோது இவர் முன்னறைக்கு மட்டும் போட்டார், பணம் அவ்வளவுதான் தேறியது. கிங்ஸ்டன் மகனுக்கு மோட்டார் பைக் வாங்கினார். இவருக்கு மகன் இல்லை, அதனால் தனக்கே ஒன்று வாங்கிக்கொண்டார். கிங்ஸ்டன் வெள்ளையில் புதுக் கார் எடுத்து மாமியாரை முன்சீட்டில் உட்காரவைத்துக் கோயிலுக்குக் கூட்டிவந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாத்துரைக்குப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை காதில் ஏறவில்லை. அடுத்த மாதமே சொசைட்டியில் லோன் போட்டு இந்தக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்.

வாங்கின நாளிலிருந்து அது தின்றுகொண்டேதான் இருந்தது. முதலில் பேட்டரி, பிறகு கிளட்ச், பிறகு பின்பக்க டயர் இரண்டும். கடைசியில் ஒரு மத்தியானம் செய்துங்கநல்லூர் தாண்டினதும் முன்பக்கத்திலிருந்து குபுகுபுவென்று ஆவி கிளம்பி, வண்டி வாழைத்தோட்டத்து ஓரமாக நின்றுவிட்டது. லாரியில் கயிறு கட்டி இழுத்து மேலப்பாளையத்துக்குக் கொண்டுபோனார்கள். மெக்கானிக் அசன் முகம்மது பானட்டைத் திறந்து பார்த்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

“அண்ணாச்சி, தண்ணி இல்லாம ஓட்டியிருக்கீய. சூட்டுல இஞ்சின் ஹெட்டே வளைஞ்சு போச்சு.”

“சூடு ஏறுனா முள்ளு காட்டுமே, பாய்?”

“முள்ளு வேலை செய்யலைல்லா! உங்க காருல எதுதான் வேலை செய்யுது? ஹெட்ட இறக்கி, லேத்துல குடுத்துச் சீவி, பம்பு மாத்தி... நாப்பது ஆயிரும். பணத்தக் குடுத்தியள்னா சாமான் எடுத்துருவேன்.”

நாற்பதாயிரம்! சம்பளத்தில் ஏற்கெனவே சொசைட்டிக்காரன் பிடித்ததுபோக மீதிதான் கைக்கு வருகிறது. அரிசிக்கடையில் போன மாதப் பாக்கி நிற்கிறது. “அந்தச் சனியன எடைக்குப் போட்டுட்டு வாங்க” என்றாள் கிரேஸ். நியாயமான பேச்சுதான். ஆனால் கிறிஸ்துமஸுக்கு மாமியார் ஊரில் எல்லாரும் கூடுவார்கள். கோயில் வாசலில் அந்த வெள்ளைக் கார் தனியாக நிற்கும். பஸ்ஸிலிருந்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு அதைக் கடந்து நடப்பதை அப்பாத்துரையால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் கிரேஸ் கழுத்துச் செயினைக் கழற்றி மேசையில் வைத்தாள். அவள் அப்பா, காலமான வாத்தியார், மகள் வேலைக்குப் போன முதல் வருஷம் வாங்கிக் கொடுத்த செயின். குளிக்கும்போதும் கழற்றமாட்டாள்.

“இது மெக்கானிக்குக்கு மட்டுந்தான். வேற எதுக்கும் எடுக்கக்கூடாது.”

“கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு உன் கழுத்துல கெடக்கும் பாரு. சத்தியமாச் சொல்லுதேன்.”

“சத்தியம்லாம் செய்யாதீய” என்று உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை வங்கியில் அடகு வைத்துப் பணம் வாங்கினார். மறுநாள் மாமியார் ஊரில் அறுப்பின் பண்டிகை, விளைந்ததில் ஒரு பங்கை எல்லாரும் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற நாள். ஆழ்வார்திருநகரிக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் கரையில் இருக்கிற சின்ன ஊர் அது. அசன் முகம்மது வெள்ளிக்கிழமைதான் கடை அடைப்பார், ஞாயிறு திறந்திருக்கும். பண்டிகைக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியிலேயே பணத்தைக் கொடுத்துவிடலாம் என்று சட்டையின் உள்பையில் வைத்துக்கொண்டார். இருவரும் பஸ்ஸில் போனார்கள்.

கோயிலை நெருங்கும்போதே வெள்ளைக் கார் கண்ணில் பட்டது. கண்ணாடியெல்லாம் ஏற்றியபடி அப்போதுதான் வந்து நின்றது. கிங்ஸ்டன் இறங்கி, துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். குளுகுளுவென்று உட்கார்ந்து வந்தவனுக்கு இந்த வெயில் ஒரு நொடி தாங்கவில்லை பார் என்று அப்பாத்துரை மனசுக்குள் கரித்துக்கொட்டினார்.

“என்ன அண்ணாச்சி, பஸ்ஸுலயா வந்தீய? கார் எங்க?”

“சர்வீஸுக்கு விட்டிருக்கு, தம்பி. வருஷாவருஷம் விடுதது.”

பிரிஸில்லா அக்காவின் கழுத்தைப் பார்த்தாள். கிரேஸ் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, கொக்கி விட்டுப்போய் ஆசாரியிடம் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

ஆராதனை முடிந்து பந்தலில் ஏலம் தொடங்கியது. அவரவர் காணிக்கையாகக் கொண்டுவந்த வாழைத்தார், பூசணிக்காய், தேங்காய், கோழி எல்லாவற்றையும் அந்த ஊர்க் கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியார் ஞானசிகாமணி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி ஏலம் விடுவார். ஆண்டவருக்குப் போகிற பணம் என்பதால் சந்தை விலையை யாரும் பார்ப்பதில்லை. அதிலும் நாலு பேர் பார்க்கிறார்கள் என்றால் எலுமிச்சம்பழம்கூட ஆயிரத்தைத் தொடும். அப்பாத்துரை கையைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறப்பதில்லை என்று தீர்மானமாகத்தான் உட்கார்ந்திருந்தார்.

“வாத்தியார் வீட்டுச் சேவல்! கறுப்புல சேப்பு, நல்ல உருப்படி! ஐந்நூறு ரூவா கேள்வி!”

மாமியார் வளர்த்த சேவல். அது ஏலத்துக்கு வந்தால் மருமகன்களில் ஒருவர் எடுப்பதுதான் வழக்கம். கிங்ஸ்டன் உட்கார்ந்த இடத்திலிருந்தே “ஆயிரம்” என்றார். பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த மாமியார் திரும்பி, வாய் நிறையச் சிரித்தார். அந்தச் சிரிப்பு அப்பாத்துரையின் தட்டைத் தாண்டிப் போய்க் கிங்ஸ்டன் தட்டில் விழுந்தது.

“ரெண்டாயிரம்” என்று யாரோ சொன்னார்கள். சொன்னது தானேதான் என்று அப்பாத்துரைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

அதன்பிறகு நிற்கவில்லை. கிங்ஸ்டன் மூன்று என்றார், இவர் ஐந்து என்றார். பத்தைத் தாண்டினதும் சாப்பாட்டுப் பந்தியில் இடம் பிடிக்கப் போன ஆட்களெல்லாம் திரும்பி ஓடிவந்தார்கள். உபதேசியாருக்குக் குரல் கம்மிவிட்டது. பெண்கள் பக்கம் கிரேஸ் எழுந்து நிற்பதை அப்பாத்துரை பார்த்தார். பார்த்துவிட்டு, பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“இருவத்தோராயிரம்” என்றார் கிங்ஸ்டன். குரல் சற்று இறங்கியிருந்தது.

“இருவத்திரெண்டு!”

கிங்ஸ்டன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, போதும் என்று கையைக் காட்டினார். ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம். சேவல் அப்பாத்துரை கைக்கு வந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஏலம் கேட்ட பணத்தை அங்கேயே எடுத்துவைக்கிற வழக்கம் அந்த ஊரில் கிடையாது. பெயரை எழுதிக்கொள்வார்கள். கிறிஸ்துமஸுக்குள் பையப் பையக் கட்டினால் போதும். இழுத்தடித்து அடுத்த வருஷம் கட்டினாலும் உபதேசியார் முகம் சுளிக்கமாட்டார். இது அப்பாத்துரைக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். பெயரை மட்டும் கொடுத்துவிட்டுப் பந்திக்குப் போயிருந்தால் மெக்கானிக் பணம் மெக்கானிக்குக்குப் போயிருக்கும். ஆனால் கிங்ஸ்டன் பக்கத்தில் வந்து, தோளில் கை போட்டு, தணிந்த குரலில் சொன்னார்:

“அண்ணாச்சி, பையப் பையக் குடுங்க. உங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்ல.”

நல்ல மனசோடு சொன்னதாகவே இருக்கட்டும். அப்பாத்துரைக்கு உச்சியில் அறைந்த மாதிரி இருந்தது. தன்னிடம் பணம் இருக்காது என்று இவனாகவே முடிவு கட்டிவிட்டானா? சட்டைப் பொத்தானைக் கழற்றினார். உள்பையிலிருந்து கட்டை எடுத்தார். எச்சில் தொட்டு, எல்லாரும் பார்க்க, எண்ணி உபதேசியார் கையில் வைத்தார்.

“ரொக்கம்! வாத்தியார் வீட்டு மூத்த மருமகன், ரொக்கம்!” என்று உபதேசியார் கத்தினார். பந்தலே கைதட்டியது. மாமியாரும் தட்டினார். பந்தியில் அன்றைக்கு அப்பாத்துரைக்கு வாழைக்காய்கூட ஈரல்போல ருசித்தது.

சாயங்காலம் கிங்ஸ்டன் விடவில்லை. மறுநாள் திருநெல்வேலியில் சரக்கு எடுக்கிற சோலி இருக்கிறது, பாளையங்கோட்டையில் இறக்கிவிடுகிறேன் என்றார். கிரேஸும் பிரிஸில்லாவும் பின்னால் ஏறினார்கள். அப்பாத்துரை முன்சீட்டில், கால் கட்டிய சேவலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கண்ணாடிகள் ஏறின. ஊர்ச் சனங்கள் கைகாட்டினார்கள். ஏசிக் காற்று இப்போது வரும், அப்போது வரும் என்று காத்திருந்தார். காற்று வரவில்லை. சேவல் வாயைப் பிளந்து இளைத்தது. ஆழ்வார்திருநகரியைத் தாண்டி, ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு வந்ததும் கிங்ஸ்டன் நான்கு கண்ணாடிகளையும் ஒரே மூச்சில் இறக்கினார்.

“தப்பா நினைக்காதீய, அண்ணாச்சி. ஏசி போயி ஆறு மாசம் ஆச்சு. கம்ப்ரசர மாத்தணும்னு பெருசாக் கேக்கான். கடையில யாவாரம் ஒண்ணும் சரியில்ல. தவணையே ரெண்டு மாசம் நிக்கி.”

“வெளிய சொல்லாதீயன்னு சொன்னேன்லா?” என்று பின்னாலிருந்து பிரிஸில்லா பல்லைக் கடித்தாள்.

“உன் அத்தான்தானே, சொன்னா என்ன?” கிங்ஸ்டன் ரோட்டைப் பார்த்தபடியே சிரித்தார். “நான் போன வருஷ ஏலப் பாக்கியே இன்னும் கட்டல. அந்தத் தெம்புலதான் இருவத்தோராயிரம் வரைக்கும் கேட்டேன். நீங்க ரொக்கத்த எடுத்து எண்ணுனீய பாருங்க, நெஜமாச் சொல்லுதேன், எனக்கு வயிறு எரிஞ்சிட்டு அண்ணாச்சி. இந்த மனுசனுக்கு மட்டும் எங்க இருந்துதான் வருதோன்னு.”

இந்த ஒரு சொல்லைக் கேட்கத்தான் இருபது வருஷம் அவர் பாடுபட்டது. கிங்ஸ்டன் வாயாலேயே வந்துவிட்டது. அப்பாத்துரை நிமிர்ந்து உட்கார்ந்தார். கிரேஸ் கேட்டாளா என்று பார்க்கத் திரும்பினார்.

கிரேஸ் கேட்டிருந்தாள். ஆற்றுக்காற்று அடித்து முந்தானை விலகியிருந்தது, இப்போது அதை அவள் இழுத்து மூடவில்லை. இத்தனை வருஷம் செயின் கிடந்த இடத்தில் வெளுத்த கோடு ஒன்று கழுத்தைச் சுற்றி ஓடியது.

“எங்க இருந்து வருதுன்னு தங்கச்சி மாப்பிள்ளைக்குச் சொல்லுங்க” என்றாள்.

அப்பாத்துரை முன்னால் திரும்பி, சேவலின் கால்கட்டைச் சரிசெய்கிறவர்போலக் குனிந்துகொண்டார். பாளையங்கோட்டை வரும்வரை நிமிரவே இல்லை.