சீர்வரிசையில் போன கேமரா

தீர்த்தமலை அடிவாரத்து மண்டபத்தில் அன்று இருந்தவர்கள் யார் யார் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காது குத்திக்கொள்ள வந்த ஒரு வயதுப் பாப்பா. பாப்பாவின் அம்மா கோகிலா, அப்பா பிரகாஷ். பிரகாஷின் அக்கா சரோஜா. தாய்மாமன் சின்னசாமி, அவர் மனைவி தேவி. காது குத்தும் ஆசாரி. மேளக்காரர்கள் இரண்டு பேர். சமையல்காரர் ஒருவர். இரண்டு பக்கத்துச் சொந்தபந்தம் நாற்பத்திரண்டு பேர் – பந்தியில் விழுந்த இலைக் கணக்கு. அப்புறம், போட்டோ எடுக்கப் போன நான்.

இந்தப் பட்டியலில் திருடன் ஒருவர்கூட இல்லை. அப்படியிருந்தும் என் கேமரா காணாமல் போனது.

எனக்குப் பயம் ஜாஸ்தி என்பது வாரம் தவறாமல் இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். வீட்டைப் பூட்டி, பூட்டை மூன்று தரம் இழுத்துப் பார்த்து, மொரப்பூர் ஸ்டேஷன் வரை போய்விட்டு, ஆட்டோ பிடித்துத் திரும்பி வந்து நாலாவது தரம் இழுத்துப் பார்க்கிற ஆள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவனுக்குச் சோறு போடுவது அந்த ஒரே கேமராதான். அதற்கும் தவணை இன்னும் முடியவில்லை. பயப்படாமல் என்ன செய்வது?

எனவே, பை. ஆறு வருடமாக நான் தேடாத பை இல்லை.

முதல் பை கேமராவோடு இலவசமாக வந்தது. கறுப்புப் பையில் மஞ்சள் எழுத்தில் கம்பெனி பெயர். தூரத்திலிருந்தே படிக்கலாம். 'உள்ளே விலை உயர்ந்த பொருள் இருக்கிறது, வாருங்கள்' என்று போர்டு மாட்டிக்கொண்டு யாராவது ரயிலில் ஏறுவார்களா? நான் ஏறினேன். சேலம் வரைக்கும் கண்ணை மூடவில்லை.

அடுத்தது முதுகில் மாட்டுகிற பை. முதுகில் எனக்குக் கண் இல்லையே... ஜிப்பை யாராவது திறந்தால்? முன்பக்கமாக மாட்டி, மேலே சட்டையை இழுத்து விட்டுக்கொண்டேன். டவுன் பஸ்ஸில் ஓர் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எழுந்து இடம் கொடுத்தார். ஏன் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

மூன்றாவது, அலுமினியப் பெட்டி. பூட்டு உண்டு. அதற்கு நம்பர் உண்டு. தேர்தல் சமயத்தில் பறக்கும் படைக்காரர்கள் வழிமறித்துத் 'திற' என்றார்கள். பதற்றத்தில் நம்பர் மறந்துபோச்சு. பூட்டிய பெட்டி, வியர்த்து நடுங்குகிற ஆள் – அவர்கள் என்ன நினைப்பார்கள்? முகூர்த்தம் முடிந்த பிறகுதான் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அப்போதுதான் ஞானம் பிறந்தது. கேமரா பை கேமரா பை மாதிரி இருப்பதால்தானே இத்தனை வம்பு?

என் மனைவி செல்வியின் வயர் கூடையை எடுத்தேன். பச்சையும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட கூடை. பழைய மெத்தையை அறுத்து உள்ளே பஞ்சுத் தடுப்பு வைத்தேன். கேமராவுக்கு ஓர் அறை, லென்ஸுக்கு ஓர் அறை, பேட்டரிக்கு ஓர் அறை. மேலே ஒரு துண்டு. துண்டின்மேல் ஒரு தேங்காய், ஒரு சீப்பு வாழைப்பழம். கோயிலுக்குப் போகிற ஆள் என்று நினைத்துக்கொள்ளட்டும்!

"கேமராவுக்கு வேஷம் கட்டறீங்களே, உங்க மூஞ்சிக்கு என்ன கட்டுவீங்க? அது காட்டிக் கொடுத்துடுமே," என்றாள் செல்வி.

அவள் கிடக்கிறாள். மூன்று மாதம் நிம்மதி. அந்தக் கூடையை யாரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

தீர்த்தமலைக்கும் அதே கூடையோடுதான் போனேன். மண்டப வாசலில் ஜமக்காளம் விரித்துத் தாய்மாமன் சீரை வரிசையாக வைத்திருந்தார்கள். பழத் தட்டு, இனிப்புத் தட்டு, பட்டுப்பாவாடைத் தட்டு. குனிந்து எண்ணிக்கொண்டிருந்த தேவியின் முகம் சரியில்லை.

"ஏங்க, பத்துதான் இருக்குது. வளையல் தட்டு எங்க?"

சின்னசாமி தலையில் கை வைத்தார். "அரூர்ல பஸ் மாறினோமில்ல... அங்கயே நின்னுடுச்சாட்டம் இருக்குது."

"போச்சு. ரெட்டப்படையில சீர் வெச்சா சரோஜாக்கா நம்மள உசுரோட வுடுமா?"

"ஒண்ணக் கொறச்சு ஒம்பதா வெச்சுடலாம்."

"பதினொண்ணுன்னு போன்ல பெருமையா சொன்னது யாருங்க? நானா?"

போன வாரம்தான் விலை போகாத தக்காளியை நிலத்திலேயே உழுதுவிட்டு வந்த மனிதர் சின்னசாமி. பதினொன்று என்று வாயால் சொல்லியாவது பார்க்கலாம் என்று தோன்றியிருக்கும். பாவமாக இருந்தது. ஆனால் நான் பாவப்படவும் நேரமில்லை. பதற்றம் வந்தால் எனக்கு முதலில் வருவது ஒன்றுக்குத்தான். கூடையை எங்கே வைப்பது? சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்திருந்த அந்த ஜமக்காளத்தைவிடப் பாதுகாப்பான இடம் எது? ஓரமாக வைத்துவிட்டுப் போனேன்.

திரும்பி வந்தால் ஜமக்காளம் மட்டும் இருந்தது.

உள்ளே மேளச் சத்தம். ஓடினேன். ஆளுக்கொரு தட்டு ஏந்திப் பெண்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கடைசியில் தேவி. அவர் தலையில் என் கூடை! தேங்காயும் பழமும் ஜம்மென்று மேலே.

சாமி படத்துக்கு முன்னால் எல்லாவற்றையும் இறக்கினார்கள். சரோஜா அக்கா விரல் நீட்டிச் சத்தமாக எண்ணினார். "...ஒம்பது, பத்து, பதினொண்ணு! பரவாயில்லையே மாமனுக்கு!" கூடையைத் தூக்கியும் பார்த்தார். "அடேயப்பா, என்னா கனம்! வெள்ளிப் பாத்திரமாட்டம் இருக்குது!"

கோகிலா அண்ணனைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து 'உங்க அண்ணன் என்ன செஞ்சான்' என்ற புகுந்த வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அலுத்த பெண். முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. சின்னசாமியோ தேவியைப் பெருமையாகப் பார்த்தார் – எனக்குத் தெரியாமல் இவள் எப்போது வாங்கினாள்?

நான் தேவியை ஒரு தூண் பக்கம் தள்ளிக்கொண்டு போனேன். "அம்மா தேவி, அது சீர் இல்ல. என் கேமரா."

தேவி கூடையைத் திரும்பிப் பார்த்தார். "ஐயோ... தேங்கா, பழம் இருந்துச்சா, எங்க அவருதான் எங்கியோ ஏற்பாடு பண்ணிட்டாருன்னு தூக்கிட்டேன்ணா. தயவு பண்ணி இப்பக் கேட்டுடாதீங்க. எங்க மானமே போயிடும்."

"இன்னும் கால் மணி நேரத்துல காது குத்தறாங்க. நான் எதுல போட்டோ எடுக்கறது?"

"செல்போன்ல எடுங்கண்ணா."

"காதுல கம்பி ஏறற நேரம்மா! மாமன் மடியில பாப்பா அழுவறது ஒரு தடவதான். மறுபடி அழுன்னா அழுவுமா?"

தேவி நகத்தைக் கடித்தார். அவர் வீட்டு மானம் கூடைக்குள். என் பிழைப்பும் அதே கூடைக்குள். பேசாமல் 'அது என்னுது' என்று ஒரு வார்த்தை கத்தியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. கோகிலா பாப்பாவைத் தூக்கிக்கொண்டு கூடையைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள். "மாமா என்ன வாங்கியாந்திருக்காரு பாரு..." வந்த வார்த்தை திரும்பிப் போய்விட்டது.

கடைசியில் தேவிதான் வழி சொன்னார். "கூடை அங்கயே இருக்கட்டும். உள்ள இருக்கறத மட்டும் எடுத்துக்குங்க. பதிலுக்கு ஒண்ணு வெச்சுடணும், வெறுங்கூடையா இருக்கக் கூடாது. காசு வெச்சிருக்கீங்களா?"

காலையில் பிரகாஷ் கொடுத்த அட்வான்ஸ் இரண்டாயிரம் சட்டைப்பையில் இருந்தது. தேவி பர்ஸிலிருந்து ஒரு மொய்க் கவரை எடுத்தார். ஒரு ரூபாய் அதிலேயே ஒட்டியிருந்தது. ஆக, இரண்டாயிரத்து ஒன்று.

"ஆனா அந்தக்கா கனம் பாத்துச்சே?"

"உள்ள காசு இருந்தா கனத்த யாருண்ணா கேக்கறாங்க?"

சீரைப் போட்டோ எடுக்கிற மாதிரி கூடை முன்னால் மண்டி போட்டேன். துண்டுக்கு அடியில் கையை விட்டேன். சரோஜா அக்காவின் குரல் தலைக்கு மேலே இடித்தது. "போட்டோக்காரரே, சீர்ல எதுக்குக் கைய வுடறீங்க?"

"தேங்கா மேல வெளிச்சம் விழலீங்கக்கா."

"தேங்காய்க்கு எதுக்கு வெளிச்சம்?"

அதற்குள் தேவி சமையல்கட்டிலிருந்து கத்தினார். "சரோஜாக்கா! பாயசத்துல உப்பு போட்டுட்டாங்களாம், சீக்கிரம் வாங்க!" அக்கா பறந்தார். சமையல்காரர் அன்று வாங்கிய திட்டுக்கு நானும் ஒரு பங்குதாரன்.

துண்டோடு சுருட்டி எடுத்தேன். கவரை வைத்தேன். பாப்பா வாயைத் திறக்கவும் நான் பொத்தானை அழுத்தவும் சரியாக இருந்தது. அந்தப் படம் இப்போது கோகிலா வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. மாமன் கண்ணிலும் தண்ணீர் நிற்பது நன்றாகத் தெரியும்.

ஆல்பம் கொடுக்கப் போனபோது சரோஜா அக்கா காபி கொடுத்தார். "என்ன சொல்லுங்க, அந்தச் சீர்லயே உருப்படியானது அந்தக் கூடைதான். உள்ள மெத்துமெத்துன்னு தடுப்பெல்லாம் வெச்சிருக்காங்க. முட்டை வைக்க எவ்ளோ வசதி!"

கனத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

யோசித்துப் பார்க்கிறேன். திருடனுக்குத் தெரியக் கூடாது என்று ஒரு பொருளை ரொம்பவும் மறைத்தால், நல்லவர்கள் கண்ணுக்கும் அது தெரியாமல் போய்விடுகிறது. திருடன் எடுத்தால் போலீஸில் சொல்லலாம். நல்லவர்கள் எடுத்தால் யாரிடம் சொல்வது? கூட நின்று போட்டோ அல்லவா எடுக்க வேண்டியிருக்கிறது!

பெயர்களையெல்லாம் மாற்றிவிட்டேன். சரோஜா அக்கா செல்போனைத் தவிர எதையும் படிக்க மாட்டார் என்று தேவி சத்தியம் செய்த பிறகுதான் இதை எழுதுகிறேன். இருந்தாலும் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது. கேமராவை இப்போது எதில் கொண்டுபோகிறேன் என்று கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன்.

தேவி மாசாமாசம் கணக்காகப் போனில் இருநூறு ரூபாய் அனுப்புகிறார். மூன்று மாசம் அனுப்பிவிட்டார். கூடையைச் செல்வி கேட்டுக்கொண்டே இருக்கிறாள், அது வராது. தேவியிடமிருந்து வர வேண்டியது, ஆயிரத்து நானூறு ரூபாய்.