பம்படியில் நின்ற ஸ்டெல்லா மேடம்

வியாழக்கிழமை காலை, பீன்யா ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது அல்சூரிலிருந்து ஸ்டெல்லா மேடத்தின் தம்பி அழைத்தார். "அக்கா போயிட்டாங்க சேகர். ஹார்ட் அட்டாக்." எனக்கு அழுகைக்கு முன்னால் வந்தது பயம். அதை ஏன் மறைக்க வேண்டும்?

தண்ணீரைச் சோதித்து, குடிக்கலாமா கூடாதா என்று எழுதிக்கொடுப்பது எங்கள் பிழைப்பு. மேடம் எங்கள் தலைமை வேதியியலாளர். நான் சேர்ந்த புதிதில் ஒரு சோதனையை அவசரமாக முடித்தேன். "குடிக்கப்போறது நீ இல்லல்ல, அதான் அவசரம்" என்றார்.

போன மாதம் வடக்கே ஓர் இரும்புச் சுரங்கத்தை ஒட்டிய கிராமத்துக்குப் போனேன். சுரங்கத்தை விரிவாக்க நினைத்த கம்பெனிக்கு, ஊர்மக்களைக் கூட்டி நடத்தும் விசாரணையில் காட்ட எங்கள் ரிப்போர்ட் தேவைப்பட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது. வீடு வீடாகப் பாட்டிலைக் கொடுத்து, "நிரப்பி வையுங்க, காலையில வாங்கிக்கறேன்" என்று சொல்லிவிட்டு லாட்ஜுக்குப் போய்த் தூங்கினேன். மறுநாள் தண்ணீர் பளிங்காக இருந்தது. சோதித்து, 'குடிக்க ஏற்றது' என்று கையெழுத்திட்டேன்.

நான் எடுத்த புகைப்படங்களை மேடம் பார்த்தார். "கொடியில காயற வேட்டியெல்லாம் செவந்து கெடக்கு. தண்ணி மட்டும் எப்படிப்பா இவ்ளோ சுத்தம்? பம்புகிட்ட நீ நின்னியா?"

"நின்னேன் மேடம்."

மறுவாரமே என்னையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். எனக்குப் பாட்டில் நிரப்பித் தந்தவர்களில் ஒருவரான கௌரம்மா கன்னடத்தில் சொன்னதைக் கேட்டுக் கூனிக்குறுகிப் போனேன். "வீட்டுக்கு வந்தவங்களுக்குக் கலங்கின தண்ணி குடுப்போமா? சேலையை நாலா மடிச்சு வடிகட்டி, தெளிய வெச்சு ஊத்தினோம்."

"நீங்க குடிக்கிறது?" என்றார் மேடம்.

"கூலிக்குப் போறவங்களுக்கு அதுக்கெல்லாம் ஏதும்மா நேரம்? அப்படியே குடிக்கிறோம்."

மேடம் பம்படியில் நின்று தாமே பாட்டில்களில் பிடித்தார். தண்ணீர் சிவப்பாக விழுந்தது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

'குடிக்க ஏற்றதல்ல' என்ற புது ரிப்போர்ட்டைப் பார்த்து ஆய்வுக்கூட முதலாளி குதித்தார். "இதை அனுப்பினா கடையை மூட வேண்டியதுதான்!"

"மூடுங்க சார். தப்பு நம்மளது. திங்கட்கிழமை ஊர் விசாரணையில நானே எழுந்து சொல்றேன்" என்றார் மேடம். அதற்குள் வியாழன் வந்துவிட்டது.

நல்லடக்கத்தில் முதலாளி என் காதோரம் குனிந்தார். "அவங்களே போயிட்டாங்க. முதல் ரிப்போர்ட்ல உன் கையெழுத்துதான். வாயை மூடிட்டு இருந்தா தப்பிச்சுப்பே." நானும் தலையை ஆட்டித் தொலைத்தேன்.

இன்று ஞாயிறு. மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். புது ரிப்போர்ட்டின் நகல் மடியில் இருக்கிறது. மேடம், நான் பம்பு அருகே நிற்கவில்லை. உங்களிடம் சொல்லத் துணியாததை நாளை ஊர் விசாரணையில் கௌரம்மாவின் முகத்தைப் பார்த்துச் சொல்லப்போகிறேன். வண்டி வந்துவிட்டது. நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.