விசா வருமட்டும் ஒரு மதர்போர்ட்

மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். மேளக்காரர் கன்னத்தை உப்பிக்கொண்டு தயாராகிறார். அடுத்த கணம் தாலி பெண்ணின் கழுத்தில் கிடக்கிறது, மாப்பிள்ளை கைலேஞ்சியால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு இருக்கிறார். இடையில் நடந்ததை, சித்தி வேலை செய்த வீடியோக் கடையின் கொம்பியூட்டர் விழுங்கிவிட்டது.

கனடாவிலிருந்து மாப்பிள்ளையின் தாய் கடைக்குப் போன் எடுத்து, "தாலி கட்டினதை ஆர் வெட்டினது?" என்று கேட்டாராம். முதலாளி சித்தியைக் கைகாட்டினார். சித்தி மூலக் கசெற்றை மறுபடி மறுபடி ஓடவிட்டு, கொம்பியூட்டர் நல்ல மனநிலையில் இருந்த ஒரு நேரத்தில் அந்தத் தாலியை முழுதாகப் பிடித்து அனுப்பிவிட்டு, வீட்டுக்கு வந்து, "நான் எனக்கெண்டு பாகம் வாங்கி ஒரு கொம்பியூட்டர் பூட்டப் போறன்" என்றார்.

அந்த ஆண்டுகளில் வெள்ளவத்தையில் கலியாணத்துக்குக் குறைவில்லை. போரினால் வடக்கே போகும் பாதை பூட்டிக் கிடந்தது. மாப்பிள்ளைமார் வெளிநாடுகளிலிருந்து வந்து கொழும்பிலேயே தாலி கட்டித் திரும்பிப் பறந்தார்கள். பெண்கள் விசாவுக்குக் காத்திருந்தார்கள். இரண்டு பக்கத்து உறவினர்களும் கலியாணத்தைப் பார்த்தது கசெற்றில்தான். ஆகவே வீடியோ வெட்டி ஒட்டத் தெரிந்தவர்களுக்கு வேலை இருந்தது. சித்திக்குத் தெரிந்திருந்தது.

சித்தி அம்மாவின் தங்கை. அவர் எங்களோடு இருந்தாரா, நாங்கள் அவரோடு இருந்தோமா என்று அந்தச் சின்னத் தொடர்மாடி வீட்டில் யாரும் பிரித்துச் சொன்னதில்லை. அப்பாவுக்கு வடக்கே வன்னிக்குள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பாதை பூட்டிய பிறகு அவரிடமிருந்து எப்போதாவது ஒரு கடிதம் வரும், சம்பளம் வராது. அம்மா அயலவர்களுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார். நானும் தம்பியும் பள்ளிக்கூடம் போனோம். மீதியெல்லாம் எப்படியோ நடந்தது. எப்படி நடக்கிறது என்று பத்து வயதில் நான் யோசித்ததில்லை.

அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, கொட்டாஞ்சேனையில் இருந்தார். துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் கொம்பனியில் உத்தியோகம். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து எங்கள் வீட்டு விடயங்களைத் தீர்த்துவைத்துவிட்டுப் போவார். சித்திக்குக் கனடா மாப்பிள்ளை ஒருவரைப் பேசி வைத்திருந்ததும் அவர்தான். சாதகக் குறிப்புப் பொருந்தி, படங்கள் கைமாறி, ஆவணியில் மாப்பிள்ளை வந்து இறங்குவதாக இருந்தது. நானும் என் பங்குக்குச் சித்தி கனடா போவதைப் பற்றி வகுப்பில் அறிவித்திருந்தேன். குதிக்காலில் விளக்கெரியும் சப்பாத்து ஒன்று அங்கிருந்து எனக்கு வரும் என்பதையும் சேர்த்தே அறிவித்திருந்தேன்.

கொம்பியூட்டர் பேச்சு மாமாவின் காதுக்குப் போனபோது அவர் மறுக்கவில்லை. எந்த விடயத்திலும் முதலில் சம்மதித்துவிட்டுப் பிறகு அதைச் சுருக்குவது அவருடைய வழக்கம்.

"வாங்கு, வேண்டாம் எண்டு சொல்லேல்லை. ஆனா இருக்கிறதுக்குள்ள சின்னதா ஒண்டு வாங்கு. விசா வருமட்டும் கை பழகத்தானே? அங்க போனா அவர் நல்லதா வாங்கித் தருவார்."

"ஓம் அண்ணா," என்றார் சித்தி.

சித்தி எல்லாருக்கும் ஓம் என்றுதான் சொல்வார். அதனால் அவரோடு சண்டை பிடிப்பது கடினம் என்று அம்மா அடிக்கடி குறைப்படுவார்.

நுகேகொடையில் ஒரு கடையில் சாமான் நல்லது என்று யாரோ சொல்லியிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை சித்தி புறப்பட்டபோது அம்மா என்னையும் கூட அனுப்பினார். தனியாகப் போகும் இளம்பெண்ணைவிட, கையில் பிள்ளையோடு போகும் பெண்ணைச் சோதனைச் சாவடியில் குறைவாகத்தான் மறிப்பார்கள். இது அப்போது வெள்ளவத்தையில் எல்லாத் தாய்மாருக்கும் தெரிந்த கணக்கு. எனக்கு மட்டும், சித்தி என்னை நம்பி ஆலோசனை கேட்கக் கூட்டிப்போகிறார் என்ற எண்ணம்.

கடைக்காரர் நடுவயதுச் சிங்களவர். கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்தார். சித்தி நன்றாகச் சிங்களம் கதைப்பார். என்ன தேவை என்று சொல்லத் தொடங்கியதுமே அவர் கொம்பியூட்டருக்கு அடிப்பலகையான ஒரு சிறிய மதர்போர்ட்டை எடுத்து மேசையில் வைத்தார். படம் காட்டுவது, பாட்டுப் போடுவது எல்லாம் அதற்குள்ளேயே இருக்கிறது, தனித்தனியாக எதுவும் வாங்கத் தேவையில்லை என்றார். மாமா கேட்டது சரியாக அதைத்தான். வேலை முடிந்தது என்று நினைத்து நான் கதவைப் பார்த்தேன்.

சித்தி அதைத் திருப்பிப் பார்த்தார். அதில் வெள்ளை நிறத்தில் இரண்டே இரண்டு ஸ்லொட்டுகள், காட் எனப்படும் துணைப் பலகைகளைச் செருகுவதற்கான நீளத் துவாரங்கள், இருந்தன.

"ரெண்டு காணாது," என்றார்.

என் பக்கம் திரும்பி விரலை மடித்து விளக்கினார். கசெற்றிலிருந்து படத்தை உள்ளே எடுக்கும் காட்டுக்கு ஒன்று. வெட்டி ஒட்டிய படத்தைத் திரும்பக் கசெற்றுக்கு அனுப்பும் காட்டுக்கு ஒன்று. நல்ல சத்தத்துக்கு ஒன்று. இணையத்துக்கு மோடெம் ஒன்று.

"அஞ்சாவது?" என்று கேட்டேன். அவர் ஐந்தாவது விரலையும் மடித்திருந்தார்.

"அது சும்மா இருக்கட்டும். பிறகு என்ன வரும் எண்டு இப்ப ஆருக்குத் தெரியும்?"

கடைக்காரர் ஐந்து ஸ்லொட் உள்ள இன்னொன்றைக் கொண்டுவந்தார். சித்தி அதற்கும் தலையாட்டவில்லை. இந்த வெள்ளை ஸ்லொட்டுகளின் பாதையும் ஹார்ட் டிஸ்க்கின் பாதையும் ஒன்றா, வேறுவேறா என்று கேட்டார். கடைக்காரர் கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார். அப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லைப் போலும். பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை எடுத்து விரித்தார். அதில் கட்டங்களும் கோடுகளுமாக ஒரு படம். இருவரும் அதன்மேல் குனிந்து, விரலால் கோடுகளைப் பின்தொடர்ந்தார்கள். கோடு ஒரே இடத்தில் போய் முட்டியது.

"ஏன் சித்தி, ஒண்டா இருந்தா என்ன?"

"அஞ்சு வாசல் இருந்தும் ரோட்டு ஒண்டுதான். காட் படத்தை உள்ளுக்க கொண்டுவருது. ஹார்ட் டிஸ்க் அதை எடுத்துச் சேமிக்குது. ரெண்டும் ஒரே ரோட்டில ஓடினா நெரிசல். காலி வீதியில நெரிசல் எண்டா பஸ் நிண்டு நிண்டு வரும். இதில படம் நிக்காது. விழுந்து போயிடும்."

"தாலி விழுந்த மாதிரியா?"

"ஓம். தாலி விழுந்த மாதிரி."

கடைக்காரருக்கும் இப்போது ஆர்வம் பிடித்துவிட்டது. தட்டில் இருந்த பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிப் புத்தகங்களை விரித்தார். மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்த மனைவியிடம் பொறுக்கச் சொன்னார். கடைசியில், மேல்தட்டின் மூலையில் தூசி பிடித்துக் கிடந்த ஒரு பெட்டிக்குள் சித்தி தேடியது இருந்தது. ஐந்து வெள்ளை ஸ்லொட். திரைக்கான காட்டுக்குத் தனியாக ஒரு மண்ணிற ஸ்லொட். ஹார்ட் டிஸ்க்குக்கு வேறு பாதை. சித்தி புத்தகத்தின் அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்த விதம், புடைவைக் கடையில் அம்மா கரையைத் தடவிப் பார்ப்பது போல இருந்தது.

பெட்டியோடு பஸ்ஸில் நெரிபட வேண்டாம் என்று ஓட்டோ ஒன்றில் திரும்பினோம். பாமன்கடைப் பாலத்தடியில் மறித்தார்கள். பிள்ளை இருந்தும் மறித்தார்கள். அம்மாவின் கணக்கில் பெட்டி இருக்கவில்லை.

இளம் சிப்பாய் ஒருவன் பெட்டியைத் திறந்தான். பச்சைப் பலகையும் அதன்மேல் கம்பிகளும் சில்லுகளும். அவன் முகம் மாறியது. இன்னொருவனைக் கூப்பிட்டான். ஓட்டோக்காரர் இறங்கித் தள்ளிப் போய் நின்றார். சித்தி என் கையைப் பிடித்திருந்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கொம்பியூட்டர் பாகம், கலியாண வீடியோ செய்வதற்கு, இதோ பற்றுச்சீட்டு என்று சிங்களத்தில் சொன்னார்.

வயதில் மூத்த ஒருவர் வந்து போர்ட்டைக் கையிலெடுத்தார். வெற்று ஸ்லொட்டுகளைக் காட்டி, இவற்றில் என்ன வரும் என்று கேட்டார். சித்தி சொன்னார். இவ்வளவும் இப்போதே வாங்கப்போகிறாயா என்றார். இல்லை, ஒவ்வொன்றாக, ஐந்தாறு வருடத்தில் என்றார் சித்தி. அவர் சித்தியின் அடையாள அட்டையைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். வெள்ளவத்தைத் தமிழர் எல்லாரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"ரட்ட யனவாத?" வெளிநாடு போகிறாயா?

"நே. மெஹே இன்னவா," என்றார் சித்தி. இல்லை, இங்கேதான் இருக்கிறேன்.

அவர் போர்ட்டைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். தன் தங்கையின் கலியாணத்துக்கு எடுத்த வீடியோவில் சத்தமே வரவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டே கையசைத்துப் போகவிட்டார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொல்லாத ஒன்றைச் சித்தி முதன்முதலாகச் சொன்னது, பெயர் தெரியாத அந்த இராணுவக்காரரிடம்தான்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி குளிக்கப் போனார். நான் அம்மாவிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். எனக்கு அதில் பெருமை இருந்தது. பள்ளிக்கூடத்தில் அப்போதுதான் சிங்களம் தொடங்கியிருந்தாலும், தெருவில் பழகிய பழக்கத்தில் முழுச் சம்பாசணையும் எனக்கு விளங்கியிருந்தது. இராணுவக்காரர் கேட்டதையும் சித்தி சொன்னதையும் சிங்களத்தில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டினேன்.

அம்மா ஊசிக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தார். "என்ன சொன்னவள்?" என்றார்.

"இங்கதான் இருக்கிறனாம். அஞ்சாறு வருசமாம்."

"அது ஆமிக்காரனுக்குச் சும்மா சொல்லுறது," என்றார் அம்மா. ஆனால் நூல் ஊசிக்குள் போகவில்லை.

அன்று தொடங்கிய சண்டை ஒரு வாரம் ஓடியது. சண்டை என்றால் அம்மா ஏசுவார், சித்தி கேட்டுக்கொண்டிருப்பார். வயது போகிறது, இப்படி ஒரு இடம் இனி வருமா, ஊர் என்ன சொல்லும், அண்ணன் முகத்தில் நான் எப்படி முழிப்பது, எல்லாம் வந்தது. "ஒரு போர்ட்டுக்காக ஆரும் வாழ்க்கையை விடுவினமோ?" என்றும் கேட்டார். இந்தச் சண்டை முழுவதும் ஸ்லொட்டுகளைப் பற்றியது என்றே நான் விளங்கிக்கொண்டேன். இரண்டு ஸ்லொட் உள்ளதை வாங்கியிருந்தால் எல்லாரும் சந்தோசமாக இருந்திருப்பார்கள், என் சப்பாத்தும் வந்திருக்கும். அந்த ஐந்தாவது ஸ்லொட்டை நான் உண்மையாகவே வெறுத்தேன்.

அந்த ஐந்து ஸ்லொட்டுகளும் பின்னாளில் ஒவ்வொன்றாக நிரம்பின. அந்தப் போர்ட் எத்தனையோ கலியாணங்களை ஒரு தாலியும் விழாமல் உள்ளே எடுத்தது. என் பள்ளிக்கூடக் கட்டணமும் தம்பியின் ரியூசனும் அதன் வழியாகத்தான் வந்தன. பாதை திறந்து அப்பா வந்து சேர்ந்தபோது நான் அவர் தோளுக்கு வளர்ந்திருந்தேன். ஆனால் இதெல்லாம் பிறகு.

சண்டை ஒரு வாரம் ஓடிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். சித்தி நிலத்தில் பேப்பரை விரித்து, போர்ட்டைக் கொம்பியூட்டர்ப் பெட்டிக்குள் வைத்துத் திருகாணி பூட்டிக்கொண்டிருந்தார். மாமா நின்றபடியே பார்த்தார்.

"இங்க இருக்கப்போறது கொஞ்ச நாள். அதுக்கு ஏன் இவ்வளவு பெரிசு?"

சித்தி முதன்முறையாக ஓம் சொல்லவில்லை. திருகாணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மாமா அம்மாவிடம் திரும்பினார். "நீ என்ன சொல்லுறாய்? மூத்தவள் நீ. நீ சொன்னாக் கேப்பாள்."

ஒரு வாரமாக ஏசியதை அம்மா இப்போது மாமாவின் முன்னால் ஒருமுறை முழுதாகச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அம்மா கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவளுக்கு மனமில்லை அண்ணா. விடுங்கோ."

"விடுறதோ? நானெல்லோ வாக்குக் குடுத்தனான்."

"அவளை விடுங்கோ அண்ணா," என்றார் அம்மா மறுபடியும். குரல் உயரவில்லை.

மாமா தேநீர் குடிக்காமல் போனார். படியில் அவருடைய செருப்புச் சத்தம் அடங்கியதும் சித்தி, "அக்கா," என்றார். அம்மா குசினிக்குள் போனார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டே இருந்தது.

எங்கள் தொடர்மாடியில் தண்ணீர் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரம்தான் வரும். வீணாக்கினால் அம்மாதான் அடிப்பார். நான் போய்ப் பார்த்தேன். கழுவும் பேசினுக்குள் ஒரு பாத்திரமும் இல்லை. தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. அம்மா எனக்கு முதுகு காட்டி, இரண்டு கையாலும் பேசின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமா கோபித்துக்கொண்டு போனதில் அம்மாவுக்குக் கவலை என்று நினைத்தேன். அதற்காகத் தண்ணீரை ஏன் ஓடவிட வேண்டும் என்று மட்டும் விளங்கவில்லை. எட்டிக் குழாயைப் பூட்டினேன்.

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி, அதை மறுபடி திறந்துவிட்டார்.